எர்த்

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு மேற்கே
என் கடை முன் ஆம்னி வந்து நின்றது.
மீன்வாடை முதலில் இறங்கியது,
பிறகுதான் அந்த அம்மா.
பெயர் ஜெனோவா. தங்கச்சிமடம்.
பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ்பெட்டி இரண்டு.
“ரேடியோ போட்டா
கூடவே ஒண்ணு கத்துது தம்பி.”

இஞ்சின் ஓடாதவரை
ரேடியோ நல்ல பிள்ளை.
ஸ்டார்ட் செய்ததும் ஊ என்றது.
மிதித்தேன், ஈ.
காலை எடுத்தேன், மறுபடி ஊ.
பன்னிரண்டு உயிரெழுத்தில்
இந்த வண்டி படித்தது இரண்டுதான்.

ராமநாதபுரத்தில் எவனோ ஒரு ஃபில்டர் மாட்டி
எண்ணூறு வாங்கியிருந்தான்.
அது ஊவைப் பாதி தின்றது,
பேசுகிறவரையும் பாதி தின்றது.
கழற்றி டேஷ்போர்டில் வைத்தேன்.

“பென்டிரைவ் போட்டுப் பாட்டுக் கேக்கலாமே?”
“பாட்டு யாருக்கு வேணும்” என்றார்.
நான் அதைக் கவனிக்கவில்லை.
தலை ஸ்டியரிங்குக்குக் கீழே கிடந்தது.

ஆம்ப்ளியிலிருந்து ஆர்சிஏ வயரைப் பிடுங்கினேன்.
ஈ நிற்கவில்லை.
ஆக, செட்டின் மேல் பழி இல்லை.
பவர் வயரைத் தனியே இழுத்து
நேராகப் பேட்டரியில் கொடுத்தேன்.
ஈ.
மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில்,
மறுமுனை ஆம்ப்ளியின் எர்த்தில்.
சைபர் காட்டவேண்டிய இடத்தில்
அரை வோல்ட்.
பகல் பாங்கு முடிந்து வெகுநேரமாகிவிட்டது.
அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை
மடியில் வைத்திருந்தார், பிரிக்கவில்லை.

ஐஸ்பெட்டியை நகர்த்தி மேட்டைத் தூக்கினேன்.
போல்ட்டைச் சுற்றி
ஐஸ்தண்ணி சொட்டிச் சொட்டி உப்பு பூத்து
துரு வெங்காயம்போல் தோல் தோலாக.
வயர் பிடித்துக்கொண்டிருந்தது துருவைத்தான்,
இரும்பு இன்னும் உள்ளே இருந்தது.
எங்கள் பக்கம் எந்த வண்டியும்
வாங்கிய மூன்றாம் வருஷம் பாதி கடல்.

உப்பு செய்ததை
உப்புத்தாளால் தேய்த்தேன்.
ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகரம் பளிச்சென்றது.
புது லக், புது போல்ட், பல்லுள்ள வாஷர்,
மேலே ஒரு விரல் கிரீஸ்.

ஸ்டார்ட். மிதித்தேன்.
இன்னும் மிதித்தேன், புகை வருமளவு.
ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை.

அவர் எட்டி ட்யூனரைத் திருகினார்,
பாட்டு, விளம்பரம், சிரிப்பு எல்லாம் தாண்டி
ஓர் ஓரத்துக்கு.
உஸ்ஸென்ற இரைச்சலுக்குள்
அக்கரைக் குரல். தமிழ்தான்,
வேறு ஏற்றம் வேறு இறக்கம்.
விளக்கமறியல், என்றது குரல்.
அந்தச் சொல்லை எனக்கு அவர்தான் விளக்கினார்.
தம்பி வினிஸ்டனைப் பிடித்து நாற்பத்தோரு நாள்.
செய்தி நேரத்தில் பெரும்பாலும்
லோடோடு பாம்பன் பாலம் ஏறிக்கொண்டிருப்பார்.
மேட்டில் மிதிக்காமல் முடியாது,
மிதித்தால் ஈ,
படகு நம்பர் சொல்கிற இடத்தில் சரியாக.
கீழே என்றால் ஓரங்கட்டி
இஞ்சினை அணைத்துக் கேட்பாராம்.
பாலத்தில் நிறுத்தினால் விசில் ஊதுவார்கள்.

இன்றைக்கு நம்பர் எதுவும் வரவில்லை.
அடுத்து வானிலை.
“இந்த உஸ் போகாதா?”
“அது வண்டியில இல்லக்கா,
தூரத்துல இருந்து வர்ற சத்தம்.”
“அப்ப கெடக்கட்டும்.”

முந்நூற்றைம்பது கேட்டேன்.
ஐந்நூறு தாளில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
ஃபில்டரையும் எடுத்துப் பையில் போட்டார்.
“இத அவன் மூஞ்சியில வச்சி
எண்ணூற வாங்காம விடமாட்டேன்.”

கேட் போட்டிருந்தது.
ராமேஸ்வரம் வண்டி வரும் நேரம்.
ஆம்னி வரிசையில் மூன்றாவதாய்ப் போய் நின்றது.
கொஞ்ச நேரத்தில் இஞ்சினை அணைத்தார்.
இனி அதற்கு அவசியமில்லை என்று
இங்கிருந்து கத்தலாமா என்று யோசித்தேன்.
அதற்குள் ரயில் வந்துவிட்டது.